எட்டுச் சீன முறைகளும் நான் சேர்த்த ஒன்பதாவதும்

என் தம்பியை நான் அறைந்தது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான். அப்போது அவனுக்கு இருபத்து மூன்று வயது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் கட்டிலில் கிடந்தான். படுத்த படுக்கையாகக் கிடப்பவனை அடித்தேன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒன்றும் பெருமை இல்லை. ஆனால் அவன் கேட்டது அப்படிப்பட்ட ஒன்று. தோட்டத்தில் புல்லுக்குத் தெளிக்கிற மருந்தில் கொஞ்சம் கொண்டுவந்து கொடு, அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் என்றான். கடைக்குப் போகிறவளிடம் சவர்க்காரம் வாங்கி வரச் சொல்கிற குரலில் சொன்னான். அந்தக் குரலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அறைந்த பிறகு அவன் கன்னத்தைத் தடவிக்கூடப் பார்க்கவில்லை. சரி, விடு என்றான். நான் வெளியே போய் லயத்து வீடுகளுக்குப் பொதுவான பைப்படியில் வாளியை வைத்து, தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். தண்ணீர் சத்தத்தில் அழுதால் பக்கத்து வீட்டுக்குக் கேட்காது. வாளி நிரம்பி வழிந்ததைப் பார்த்து யாரோ திட்டினார்கள். அவர்களோடும் சண்டை போட்டேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. தேயிலைத் தோட்டத்து லயத்தில் நாங்கள் மூன்று பேர், அம்மா, நான், தம்பி. அப்பா நாங்கள் சின்னவர்களாக இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மாவுக்குத் துரை பங்களாவில் சமையல் வேலை. நான் கொழுந்து எடுப்பவள். படிவம் மூன்று வரை படித்திருந்ததால் கிராணி ஆபீசில் கணக்கெழுத உட்காருவேன் என்று அம்மா நம்பியிருந்தாள். அந்த நாற்காலிக்குக் கிராணியின் மைத்துனி முந்திக்கொண்டாள். படித்த இங்கிலீஷ் பால் டின்னில் எழுதியிருப்பதை அம்மாவுக்குப் படித்துச் சொல்லத்தான் உதவியது.

தம்பி தொழிற்சாலையில் இலை வாட்டும் மாடியில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் திரிங்காப்பு ஊருக்கு ஓடிவிடுவான். அங்கே நாற்பது வயதுச் சீனர் ஒருவர் முட்டைக்கோஸ் போட்டிருந்தார். இருந்தது மூன்றே மூன்று பாத்திக்கட்டு நிலம்தான், ஆனாலும் எங்கள் வழக்கப்படி அவரைத் தவுக்கே, அதாவது முதலாளி, என்போம். காய்கறி கட்டும் கொட்டகைக்குப் பின்னால் அவரும் நாலைந்து சீனப் பையன்களும் சண்டைக் கலை பழகுவார்கள். அதில் ஒரே தமிழன் இவன். முதல் ஆறு மாதம் முழங்காலை மடக்கிச் சும்மா நிற்கத்தான் விட்டார்களாம். சும்மா நிற்பதற்கு அவ்வளவு தூரம் போவானேன், இங்கே பஸ் ஸ்டாப்பிலேயே நிற்கலாமே என்று கேலி செய்வேன். எல்லாமே காலில்தான் இருக்கிறது என்பான். பேச்சுக்குப் பேச்சு புலி முறை, கொக்கு முறை, பாம்பு முறை என்று எனக்குப் பாடம் எடுப்பான்.

ஒரு ஞாயிறு மழையில் தவுக்கேயின் லோரியில் முட்டைக்கோஸ் கூடைகளின் மேல் உட்கார்ந்து திரும்பி வந்தான். லோரி வழுக்கிப் பள்ளத்தில் சாய்ந்தது. ஓட்டிய தவுக்கேக்கு நெற்றியில் ஒரு கீறல். கூடைகள் முழுக்க என் தம்பியின் முதுகில் விழுந்தன. கீழே பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் வைத்திருந்து, இனி இங்கே செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். எங்கள் தோட்டத்து மருந்தகத்தில் இருந்த டிரஸ்ஸர், அவனை எப்படிப் புரட்டுவது, புண்ணை எப்படிக் கழுவுவது என்று எனக்குக் காட்டிக் கொடுத்தார். மற்றது கடவுள் கையில் என்றார். கடவுளுக்கு என்ன, அவருக்கு விடியற்காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டு இல்லை. நான் பேர் கொடுக்கப் போவதற்கு முன் ஒரு தடவை புரட்டுவேன். மத்தியானம் மலைச்சரிவிலிருந்து ஓடிவந்து ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை.

அவன் சாப்பிடுவதை நிறுத்தியது சண்டை போட்டு அல்ல. மரியாதையாக, வேண்டாம் என்று தட்டை ஒதுக்குவான். முதலில் காலைப் பசியாறல் வேண்டாம், பிறகு மத்தியானச் சாப்பாடும் வேண்டாம். கைகள் இரண்டும் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் அந்தக் கைகள் தட்டைத் தொடவில்லை. அம்மா முருகனுக்கு நேர்ந்துகொண்டாள். நான் கெஞ்சினேன், கத்தினேன், வாயைப் பிடித்துத் திறந்து ஊற்றியும் பார்த்தேன். கன்ன எலும்பு துருத்திக்கொண்டு வந்தது. அந்த நாட்களில்தான் மருந்து கேட்டான், நானும் அடித்தேன். அதற்குப் பிறகு மருந்துப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் இன்னும் கொஞ்ச நாளில் மருந்துக்கு அவசியமே இருக்காது என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது.

அந்த வாரம் அம்மா பங்களாவிலிருந்து ஓர் அட்டைப் பெட்டி கொண்டுவந்தாள். துரையின் அக்காள் மகன் சீமையிலிருந்து விடுமுறைக்கு வந்துவிட்டு, வேண்டாததை அறையிலேயே போட்டுவிட்டுப் போயிருந்தான். பெட்டி கெட்டியாக இருந்தது. பிறப்புப் பத்திரங்களை வைத்துக்கொள்ளலாம் என்பது அம்மாவின் யோசனை. உள்ளே இருந்த மெல்லிய புத்தகங்கள் மூன்றையும் அடுப்புப் பற்றவைக்க ஒதுக்கினாள். கூடவே பகடைகள். நான்கு முகம், எட்டு முகம், உருண்டை போலத் தெரிகிற இருபது முகம்.

அடுப்பில் போகும் முன் புரட்டிப் பார்த்தேன். ஏதோ ஆட்டத்தின் விதிகள். பலகையும் கிடையாது, காயும் கிடையாது. ஆளுக்கு ஒரு தாள், தாளில் ஒரு வீரன். அவனுக்குப் பலம் இவ்வளவு, சுறுசுறுப்பு இவ்வளவு என்று எண்கள். ஒருவர் கதையை நடத்துவார், உன் எதிரே ஒரு பாலம், பாலத்தில் இரண்டு பேர் நிற்கிறார்கள் என்பார். மற்றவர், என் ஆள் இதைச் செய்கிறான் என்பார். நடந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். வளர்ந்தவர்கள் சொப்பு வைத்து விளையாடுகிற மாதிரி இருந்தது. ஒரு பக்கத்தில் ஆயுதம் இல்லாமல் சண்டை போடுகிற மொட்டைத்தலைச் சீனன் படம். வேறு எதுவும் தோன்றாமல் அதைத் தம்பியின் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

பார்த்தான். மூக்கால் ஒரு சத்தம் வந்தது.

"இவன் நிக்கிற லட்சணத்தைப் பாரு. கொழந்தை தள்ளுனாக்கூட விழுந்துருவான்."

மருந்து கேட்டதற்குப் பிறகு அவன் தானாகப் பேசிய பேச்சு அது ஒன்றுதான். அந்தப் பக்கத்தில் இருந்ததை எழுத்துக்கூட்டித் தமிழில் சொன்னேன். வெறுங்கை வீரன் அனுபவம் கூடக் கூட ஒரே நேரத்தில் அதிக அடி அடிப்பான், அவ்வளவுதான் விதி. தம்பிக்குக் கோபம் வந்தது. கையை மட்டும் எண்ணுகிறார்கள், கால் எங்கே என்றான். கொக்கு முறைக்காரனும் புலி முறைக்காரனும் ஒன்றா என்றான். அப்படியென்றால் நீயே சரியாக எழுதேன், நான் இங்கிலீஷைப் படித்துச் சொல்கிறேன் என்றேன். கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"எனக்குத் தெரிஞ்ச மொறை எல்லாத்தையும் இந்த ஆட்டத்துக்கு ஒழுங்கா எழுதி முடிக்கிற வரைக்கும் சாப்பிடுறேன். முடிஞ்ச அன்னிக்கு நிறுத்திருவேன். நீ தடுக்கக் கூடாது. சரின்னா சொல்லு."

சரி என்றேன். அவன் தலையில் கை வைத்துச் சத்தியமும் செய்தேன். செய்யும்போதே அதை எப்படி முறிப்பது என்று உள்ளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. எத்தனை முறை தெரியும் என்று கேட்டேன். ஐந்து என்றான். ஐந்து என்றால் ஒரு வருடம் ஓட்டிவிடலாம் என்று நினைத்தேன். அந்தச் சாயங்காலம் அரைக் கோப்பை கஞ்சி குடித்தான். அம்மா அது தன் நேர்த்தியின் பலன் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆட்டத்தில் இல்லாத ஓர் எண்ணை முதலில் சேர்த்தோம். அதற்குக் கால் என்றே பெயர் வைத்தோம். அடிப்பதற்கு முன் இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். விழுந்தது கால் எண்ணுக்குள் இருந்தால் நிற்கிறான், தாண்டினால் சறுக்குகிறான், அந்த அடி சேராது. புலி தாழ்ந்து அகலமாக நிற்கும், அதற்குக் கால் பதினாறு, ஆனால் நகர்வதற்குள் பொழுது போய்விடும். வெள்ளைக் கொக்கு ஒற்றைக் காலில் நிற்கும், கால் ஒன்பதுதான், ஆனால் அடி விழுகிற இடத்தில் அது இருக்காது. அதை ஒரு பெண் உண்டாக்கியதாகச் சீனர்கள் சொல்வார்களாம். கும்பிடுபூச்சி கிட்டத்தில் வந்தால் எமன், இரண்டடி தள்ளி நின்றால் ஒன்றுமே இல்லை. பாம்பு, சிறுத்தை என்று மிச்சம் இரண்டு. ஏற்றம் இறக்கமான நிலத்தில் காலில் மூன்று கழி, நனைந்த களிமண்ணில் ஐந்து கழி என்பதை நான் போட்டேன்.

அவனால் நின்று காட்ட முடியாது. ஆகவே நான் நின்றேன். வேலை முடிந்து வந்து, கைலியை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு கட்டிலுக்கு முன்னால் நிற்பேன். அவன் தலையணையில் சாய்ந்துகொண்டு அதட்டுவான். முட்டியை வெளியே தள்ளு என்பான், இடுப்பை இறக்கு என்பான். புலிக்கு நின்றபோது பின்னால் சாய்ந்து அரிசி டின்னின் மேல் விழுந்தேன். கொக்குக்கு நின்றபோது சுவரைப் பிடித்துக்கொண்டேன். அம்மா வாசலில் நின்று, ஒன்று படுத்துவிட்டது, இன்னொன்றுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று தலையில் அடித்துக்கொண்டாள். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. முறைகளை எழுதும் நோட்டில் ஒரு பக்கம் முடிந்துவிட்டது.

அவன் வேலை செய்த வேகத்தைச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் யாரும் அப்படி உழைத்து நான் பார்த்ததில்லை. பகல் முழுக்க, நான் சரிவில் இருக்கும் நேரத்தில், எண்களை எழுதி அடித்து எழுதுவான். கஞ்சியை மடமடவென்று குடிப்பதும் சீக்கிரம் முடிப்பதற்காகத்தான். ஐந்து வாரத்தில் இரண்டு முறைகள் முடிந்தன. நான் என்னென்னவோ செய்தேன். பென்சிலை ஒளித்து வைத்தேன். புலி ரொம்பப் பலமாக இருக்கிறது, ஆட்டம் ஒருபக்கமாகிவிடும், இன்னும் இருபது தடவை மோதிப் பார்க்க வேண்டும் என்றேன். புலியையும் கொக்கையும் ஒரே பாலத்தில் வைத்து நாள் கணக்கில் பகடை உருட்டினோம். ஏமாற்றாதே அக்கா என்று ஒரு நாள் அமைதியாகச் சொல்லிவிட்டான். அதற்குப் பிறகு பென்சில் ஒளித்து வைத்த இடத்திலிருந்து தானாக வெளியே வந்தது.

ஐந்தாவது முறை பாதி முடிந்தபோது திரிங்காப்புக்குப் போனேன். விபத்துக்குப் பிறகு தவுக்கே ஒரு தடவைகூட எங்கள் லயத்துப் பக்கம் வந்ததில்லை. வழியெல்லாம் அவரை என்ன கேட்பது என்று மனதுக்குள் திட்டிப் பார்த்துக்கொண்டே போனேன். பாத்தியில் குனிந்திருந்தவர் என்னைப் பார்த்ததும் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு, கை இரண்டையும் தொங்கவிட்டு நின்றார். அடி வாங்கத் தயாராக நிற்கிற மாதிரி இருந்தது. திட்டு வரவில்லை. இன்னும் எத்தனை முறை உங்களுக்குத் தெரியும் என்று கேட்டேன். ஒப்பந்தத்தை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் அவரும் சேர்ந்து அழுவார், அழுகிற ஆட்கள் என் வீட்டில் போதுமான அளவு இருந்தார்கள்.

உண்மையில் அவருக்கு முழுசாகத் தெரிந்தது ஒரே முறைதான். மற்றதெல்லாம் மாமன் மச்சான் சொல்லக் கேட்டது. இருந்தாலும் யோசித்து யோசித்துச் சொன்னார். படகிலேயே வாழ்ந்தவர்களின் முறை ஒன்று, படகு ஆடும் என்பதால் காலை ஒடுக்கி நிற்பார்கள். வடக்கே பரந்த நிலத்துக்காரர்களின் நீட்டுக்கை முறை ஒன்று. ஈட்டிப் படை வீரர்கள் ஈட்டியைக் கீழே வைத்துவிட்டு வெறுங்கையால் குத்திப் பழகியது ஒன்று. ஒவ்வொன்றுக்கும் கால் எங்கே வரும் என்று பாத்தி மண்ணில் மண்வெட்டிக் காம்பால் கோடு போட்டார். நான் சாண் வைத்து அளந்து காகிதத்தில் குறித்துக்கொண்டேன். ஞாயிறுதோறும் போய் ஒவ்வொன்றாக வாங்கி வந்தேன். மூன்றாவது முடிந்ததும் அவர் பாதி மலாயும் பாதித் தமிழுமாகச் சொல்லிக் கையை விரித்தார்.

"ஹபிஸ் லா, தங்கச்சி. தீர்ந்துபோச்சி. இனிமே என்கிட்ட ஒன்னும் இல்லை."

எட்டு. எட்டாவதைத் தம்பி எழுதிக்கொண்டிருந்த நாட்களில் நான் சரிவில் நின்றுகொண்டே எண்ணுவேன், இன்னும் எத்தனை பக்கம், எத்தனை நாள், எத்தனை வேளை. எனக்குப் பின்னால் கங்காணி நிரையில் கொழுந்து விட்டுப்போச்சு என்று கத்துவது காதில் விழாது. சாப்பாட்டை வாயில் வைத்தால் இறங்காது. அவன் சாப்பிட்டான், நான் நிறுத்திவிட்டேன் என்று சொன்னால் வேடிக்கையாக இருக்கும், ஆனால் அப்படித்தான் நடந்தது.

ஒரு மத்தியானம் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோதே ஒன்பதாவது முறை கிடைத்தது. மேல்பக்க முழங்காலைச் செடியில் அண்டை கொடுத்து, கீழ்ப்பக்கப் பாதத்தைக் குறுக்கே திருப்பி நிற்கிறேன். இரண்டு கையும் தனித்தனியாகப் போகின்றன, கிள்ளி, மணிக்கட்டைச் சுழற்றி, பார்க்காமலே தோளுக்கு மேலே முதுகுக் கூடைக்குள் வீசுகின்றன. இதை ஏன் சீனம் ஆக்கக் கூடாது? அவர்களிடமும்தான் தேயிலை மலை இருக்கிறது. கொக்கு முறையை ஒரு பெண் உண்டாக்கலாம் என்றால் இதையும் ஒரு பெண் உண்டாக்கியிருக்கலாம். எதிரியின் விரலைக் கொழுந்தாக நினைத்துப் பிடித்து ஒடிக்கிறாள், அவன் கையைத் தோளுக்கு மேலே இழுத்துத் தன் பின்னால் வீசியெறிகிறாள். அடுத்த ஞாயிறு, திரிங்காப்புக்கே போகாமல் கோலா தெர்லா கடைத்தெருவில் இரண்டு மணி நேரம் சுற்றிவிட்டு வந்து, தவுக்கேயின் பெரிய மாமா ஊர் முறை என்று சொன்னேன்.

நின்று காட்டச் சொன்னான். காட்டினேன். இன்னொரு தடவை என்றான். மூன்றாவது தடவை காட்டச் சொன்னபோது என் முகத்தையே பார்க்கவில்லை, பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கால் பதினேழு என்று எழுதினான். எட்டு முறைகளில் எதற்கும் அவன் அவ்வளவு கொடுத்ததில்லை. ஏமாந்துவிட்டான் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

இதற்கு மட்டும் அவன் அவசரப்படவில்லை. இதில் கிளை இருக்குமே என்று கேட்டான். இருக்கிறது என்றேன். மழை நாளில் எப்படி நிற்பாள் என்று கேட்டான், மறுநாள் வந்து சொன்னேன். இரண்டு பேர் எதிர்த்தால் என்ன செய்வாள் என்று கேட்டான். நிரை மாறுகிறபோது நாங்கள் எப்படிச் செடிக்குள் நுழைவோமோ அப்படியே சொன்னேன். நான் நடத்துகிற கதைகளில் அந்தப் பெண் அவனுடைய புலியை இரண்டு தடவை பள்ளத்தில் உருட்டினாள். நான்கு மாதம் இப்படிப் போனது. முதுகுப் புண் ஒன்று ஆறியது, இன்னொன்று திறந்தது. ஆனால் மூன்று வேளையும் சாப்பிட்டான். எனக்கும் சோறு இறங்கத் தொடங்கியது.

சீனப் புத்தாண்டுப் பெருநாளுக்கு நான்கு நாள் கழித்துத் தவுக்கே வந்தார். கையில் ஆரஞ்சுப் பழப் பை. வாசலில் நின்று உள்ளே வராமலே இருந்தார். தம்பிதான் கூப்பிட்டான். கட்டிலில் கிடந்தவனின் காலைப் பார்த்துவிட்டு அவர் அழுதார், அவன் தேற்றினான். பிறகு நோட்டைக் காட்டினான். ஒவ்வொரு பக்கமாக நான் படித்துச் சொல்ல, அவர் தலையாட்டிக்கொண்டே வந்தார். ஒன்பதாவது பக்கம் நெருங்கியது. எட்டோடு நிறுத்திவிட்டுக் கோப்பி போட எழுந்தேன். உட்காரு அக்கா, ஒன்பதாவதையும் தவுக்கேக்குக் காட்டு என்றான் தம்பி.

காட்டினேன். காட்டிக்கொண்டே தவுக்கேயிடம் கண்ணால் கெஞ்சினேன். அவருக்குப் புரியவில்லை. நல்ல மனிதர், கேட்டதற்கு உண்மையைச் சொல்ல வேண்டும் என்று மட்டும் நினைத்தார். இது யார் முறை, நான் கேள்விப்பட்டதே இல்லையே என்றார். தேயிலைக்காரப் பெண் என்றால் கூடையை இடுப்பில் முன்பக்கமாக அல்லவா கட்டியிருப்பாள், எங்கள் ஊரில் அப்படித்தான், பின்னால் யாருக்கு வீசுகிறாள் என்று சிரித்தார். உலகத்தில் தேயிலை எடுக்கிற எல்லாப் பெண்களின் முதுகிலும் கூடை இருக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். வேறு விதமாக இருக்கலாம் என்று தோன்றியதே இல்லை. சிரித்து முடித்த பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். கோப்பியைக் குடிக்காமலே போய்விட்டார்.

"அப்போ எட்டோட முடிஞ்சிருச்சு" என்றான் தம்பி. நோட்டை மூடித் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தான்.

அன்று சாயங்காலக் கஞ்சியைத் தொடவில்லை. மறுநாளும் இல்லை. நீ என் தலையில் கை வைத்துச் செய்த சத்தியம் என்றான். மூன்றாம் நாள் தண்ணீரையும் ஒதுக்கினான். அன்று நான் பெரட்டுக்குப் போகவில்லை. அம்மா அவன் காலடியில் உட்கார்ந்து, தொட்டால் அவனுக்குத் தெரியாத அந்தக் காலை அழுத்தி விட்டுக்கொண்டே இருந்தாள். நான் கத்தினேன். பத்தாவது இருக்கிறது என்றேன், கம்போங் ராஜாவில் ஒரு கிழவர் இருக்கிறார், அவரிடம் கேட்டு வருகிறேன் என்றேன். பொய் சொல்கிறேன் என்று எனக்கே கேட்டது. அவன் உதடு வெடித்திருந்தது. பேச நாக்கால் ஈரப்படுத்திக்கொண்டான்.

"ஒன்பதாவது நீதான்னு எனக்கு மொத நாளே தெரியும்கா."

எப்படி என்று கேட்டேன். புலிக்கு நின்றபோது விழுந்தாய், கொக்குக்குச் சுவரைப் பிடித்தாய், ஈட்டிக்காரனுக்கு நின்றபோது தொடை நடுங்கியது, இதற்கு மட்டும் ஆணி அடித்த மாதிரி நின்றாய் என்றான். கொழுந்து எடுக்கிற அந்தக் காலை, சரிவுக்கு உனக்குச் சோறு கொண்டுவந்த வயதிலிருந்தே நான் பார்க்கிறேன் என்றான்.

"தெரிஞ்சும் ஏன்டா நாலு மாசம் சாப்பிட்டே?"

"நீ சொல்லுவேன்னு பார்த்தேன்."

என்ன சொல்லுவேன் என்று அவன் சொல்லவில்லை. எனக்கும் சட்டென்று தெரியவில்லை. விபத்து நடந்ததிலிருந்து நான் அவனிடம் பேசியதையெல்லாம் யோசித்துப் பார்த்தேன். புரண்டு படு, வாயைத் திற, புண் எரிகிறதா, முட்டி சரியா, கால் எத்தனை. அறைந்திருக்கிறேன், சத்தியம் செய்திருக்கிறேன், சீன தேசத்தில் இல்லாத ஒரு பெண்ணை உண்டாக்கியிருக்கிறேன். அவனைத் தூக்கிப் புரட்டுகிற பாரம் எனக்குப் போய்விட்டால் நல்லது என்று நான் நினைப்பதாக அவன் இத்தனை நாளும் நம்பிக்கொண்டிருந்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதை இல்லை என்று நான் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் அதையெல்லாம் யாரும் வாய்விட்டுச் சொல்வது கிடையாது.

"எனக்கு நீ வேணும்டா" என்றேன். "எந்திரிச்சு நடக்க வேணாம். ஆட்டம் வேணாம், மொறை வேணாம். இப்படியே கெட. எனக்கு நீ வேணும்."

வெட்கமாக இருந்தது. அம்மா இருந்தாள், பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். நான் தண்ணீரைத் திறந்துவிடவில்லை, அப்படியே உட்கார்ந்து சத்தமாக அழுதேன். அவன் மறுபடியும் உதட்டை நாக்கால் ஈரப்படுத்திக்கொண்டான். பிறகு, கஞ்சி ஆறிப்போயிருக்கும், சூடு பண்ணிக் கொண்டு வா என்றான்.

சிறுநீர் வழியாக வந்த காய்ச்சலில் அவன் போனது அதற்குப் பதினொரு மாதம் கழித்து. அது வரும் என்று டிரஸ்ஸர் முன்பே சொல்லியிருந்தார், எங்களால் அதைத் தடுக்க முடியவில்லை. அந்தப் பதினொரு மாதத்தில் ஒரு வேளைகூட அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. கடைசிக் காலையில் விழுங்க முடியாதபோதும் வாயைத் திறந்து வைத்திருந்தான்.